கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள்: கடற்கரைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம் சார், வணக்கம் டீச்சர்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீண்டு கிடக்கும் நம் கரையில், ஓரளவு பெரிய பள்ளி எதை எடுத்துக்கொண்டாலும் ஆட்டிசம் (மூளை வளர்ச்சி பிறவியிலேயே வேறு விதமாக அமைவது) உள்ள பிள்ளை ஒருவராவது இருப்பார். உலக அளவில் ஏறக்குறைய நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் நீங்கள் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கவனம் இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைத்தான் நானும் வருஷா வருஷம் கேட்டுவருகிறேன்.

நான் கேட்க வந்தது சின்ன விஷயம்தான். இந்தப் பிள்ளைகளின் கவனம் ஒரு விஷயத்தில் போனால் முழுசாகப் போய்விடுகிறது. அங்கிருந்து அடுத்ததற்கு வர மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த நேரத்தை வகுப்பிலேயே கொடுத்துவிடலாம், பைசா செலவில்லை. ஏன் கொடுக்க வேண்டும், மூளை ஆராய்ச்சி இதில் எதுவரை துணைக்கு வரும், எங்கே கைவிரித்துவிடும் என்பதையெல்லாம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடல் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு மீனவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே. மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.

எங்கள் பக்கம் நண்டு வலைதான் பிழைப்பு. வல்லம் கரை சேர்ந்ததும் வலையை அப்படியே குவித்துப் போட்டுக் குடும்பமே சுற்றி உட்கார்ந்துவிடும். நீலக்கால் நண்டு சிக்கினால் கால், கொடுக்கு எல்லாம் நூலில் சுற்றிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் கொடுக்கு முறியும், முறிந்த நண்டுக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள். என் மகன் எடுக்கும் நண்டு முறியாது. முதலில் துடுப்பு மாதிரி இருக்கும் பின்னங்காலை விடுவிப்பான், அப்புறம் ஒவ்வொரு காலாக வருவான், கொடுக்குக்கு வருவது கடைசியில்தான். அந்த நேரத்தில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று பரிசோதனையும் செய்து பார்த்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. ரெண்டு தெரு தள்ளி ஐஸ் வண்டி வந்தால் எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

வழி கண்டுபிடித்தது எங்கள் அம்மாதான், அவனுக்கு அம்மாச்சி. அவர் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அவன் கையில் இருக்கும் நண்டு முடியும் வரை சும்மா இருப்பார். அடுத்த நண்டுக்குக் கை போவதற்குள் தன் கையை வலைமேல் வைப்பார். பையன் நிமிர்ந்து பார்ப்பான். "சாப்பிட வாய்யா" என்றால் எழுந்து வருவான். கூச்சல் கிடையாது, அழுகை கிடையாது. அதே பையனை வேலையின் நடுவில் கையைப் பிடித்து இழுத்தால் என்ன நடக்கும் என்பதை உங்களில் சிலர் வகுப்பில் பார்த்திருப்பீர்கள்.

அம்மாச்சி செய்ததை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவில் லாண்ட்ரி, பிரைசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டது அது. திரையின் நடுவில் ஒரு படம் ஓடும். சிறிது நேரம் கழித்துப் பக்கவாட்டில் இன்னொரு படம் வரும். நடுப்படத்தை எடுத்துவிட்டுப் பக்கத்துப் படத்தைக் காட்டினால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தாமதமில்லாமல் திரும்பினார்கள். நடுப்படம் இருக்கும்போதே பக்கத்தில் காட்டினால் திரும்ப ரொம்ப நேரம் எடுத்தது, சில முறை திரும்பவே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த மற்றக் குழந்தைகளிடம், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் உட்பட, அந்த அளவு தாமதம் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒரேபோல உறுதி செய்துவிடவில்லை. வயதுக்கும், காட்டும் படத்துக்கும் தகுந்தபடி முடிவு மாறுகிறது. இருந்தாலும் வகுப்பறைக்கு இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. முதலில் இருந்ததை எடுத்துவிட்டு, பிறகு அடுத்ததைக் காட்டுங்கள். கணக்கு நோட்டு மேஜையில் திறந்து கிடக்கும்போதே "தமிழ்ப் புத்தகத்தை எடு" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். நோட்டை மூடி, பைக்குள் வைக்கவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, அப்புறம் புத்தகத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இதையே உள்ளிருந்து விளக்கியவர்களும் உண்டு. 2005இல் டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். யாருக்குமே கவனம் அளவோடுதான் இருக்கிறது, பெரும்பாலோர் அதைப் பல விஷயங்களுக்கு மெல்லியதாகப் பங்கு போடுகிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு விஷயங்களில் மொத்தமாக இறக்குகிறார்கள் என்பது அவர்கள் வாதம். என் மகனைப் பற்றி நான் படித்த எதையும்விட இது எனக்கு அவனைப் புரியவைத்தது. ஒன்றில் இறங்கியிருப்பவனை வெளியே இழுத்தால் வலிக்கத்தானே செய்யும்?

சரி, மூளைக்கு வருகிறேன். "மூளையில் கனெக்‌ஷன் சரியில்லை" என்று பெற்றோரிடம் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, எங்கேயோ கேள்விப்பட்டதாக இருக்கும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அம்மா அன்றைக்குத் தூங்க மாட்டாள். அதனால் அந்த 'கனெக்‌ஷன்' என்னவென்று பார்த்துவிடுவோம்.

கரைவலை இழுப்பதைத் தள்ளி நின்று பார்த்திருப்பீர்கள். கரையில் இரண்டு இடத்தில் ஆட்கள் கூட்டமாக நின்று இழுப்பார்கள். தூரத்தில் இருக்கும் உங்களுக்குக் கயிறும் தெரியாது, தண்ணீருக்குள் கிடக்கும் வலையும் தெரியாது. ஆனால் இந்தக் கூட்டம் சாயும்போது அந்தக் கூட்டமும் சாய்ந்தால், இரண்டும் இழுப்பது ஒரே வலையைத்தான் என்று ஊகித்துவிடுவீர்கள். மூளைத் தொடர்பு பற்றிய ஆய்வில் பெரும்பகுதி இந்த மாதிரி ஊகம்தான். ஸ்கேனுக்குள் படுத்திருப்பவரின் மூளையில் எங்கெங்கே ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு ஏறி இறங்குகிறது என்று எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற வகை ஸ்கேன் காட்டும். இரண்டு பகுதிகள் சேர்ந்தாற்போல் ஏறி இறங்கினால் அவற்றுக்கு இடையே தொடர்பு பலம் என்று கொள்கிறார்கள். இடையில் ஓடும் நரம்பிழைகளைப் பார்ப்பது வேறு வகை ஸ்கேன்.

2004இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்செல் ஜஸ்ட் குழுவினர், ஆட்டிசம் உள்ள பெரியவர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். மொழிக்கான பகுதிகள் வேலை செய்தன, ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 'தொடர்புக் குறைவு' என்ற கருத்து அதிலிருந்து பிரபலமாயிற்று. பல வருஷம் அதுதான் பேச்சாக இருந்தது.

அப்புறம் சிக்கல்கள் வந்தன. படுத்திருப்பவர் தலையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைத்தாலே, தூரத்துப் பகுதிகளின் தொடர்பு குறைந்தது போலவும் பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு கூடியது போலவும் படம் காட்டிவிடும் என்று 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே எடுத்துக்காட்டின. நீங்கள் நின்று பார்க்கும் படகே ஆடினால் கரையில் யார் யாரோடு சேர்ந்து சாய்கிறார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்கேன் இயந்திரத்தின் சத்தத்துக்குள் அசையாமல் படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், பழைய முடிவுகளில் சிலவற்றின் மேல் ஏன் சந்தேகம் வந்தது என்பது புரியும். 2013இல் ஸ்டான்ஃபோர்டில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது சில இடங்களில் தொடர்பு கூடுதலாகவே இருந்தது. அதில் ஒன்று, சுற்றி நடப்பவற்றில் எது முக்கியம் என்று பொறுக்கி எடுக்கும் வலையமைப்பு. இன்சுலா என்ற பகுதியும் நெற்றிக்குப் பின்னால் உள்ளே இருக்கும் ஒரு பகுதியும் சேர்ந்தது அது. 2014இல் 17 ஆய்விடங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை ஒன்றாகக் கொட்டி, அவர்களில் 763 ஆண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளையின் மேற்பரப்பில் பகுதிக்குப் பகுதி உள்ள தொடர்புகள் பெரும்பாலும் குறைவு, உள்ளே ஆழத்தில் இருக்கும் தலாமஸ் போன்றவற்றோடு உள்ள தொடர்பு சில இடங்களில் கூடுதல். இரண்டும் ஒரே ஆய்வில்.

அந்தப் பெரிய தொகுப்பில் இந்தியாவில் எடுத்த ஸ்கேன் ஒன்றுகூட இல்லை. இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பேசக்கூடியவர்கள், அசையாமல் படுத்திருக்கச் சொன்னால் படுத்திருக்கக் கூடியவர்கள். பேச்சு வராத பிள்ளைகள், பெண் பிள்ளைகள், நம் கரையில் நான் அறிந்த பலர், அந்தப் படங்களுக்குள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த ஆண்டு வந்த முடிவு. ஹஹாமி, பெர்மன், மலாக் என்ற மூவர் அதே தொகுப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களின் மூளைத் தொடர்புகள் ஒன்றுக்கொன்று ஓரளவு ஒத்துப்போகின்றன. ஆட்டிசம் உள்ளவர்களுடையவை ஒருவருக்கொருவர் நிறைய வேறுபடுகின்றன. ஒருவருக்குக் கூடிய இடத்தில் இன்னொருவருக்குக் குறைகிறது, சராசரி எடுத்தால் எல்லாம் மழுங்கிப்போகிறது. அப்படியென்றால் 'ஆட்டிச மூளை' என்று ஒரே வரைபடம் கிடையாது. போன வருஷம் உங்கள் வகுப்பில் இருந்த பையனுக்குப் பலித்தது இந்த வருஷத்துப் பையனுக்குப் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு என்ன பலிக்கும் என்று அவன் அம்மாவையோ அம்மாச்சியையோ கேளுங்கள். இது ஸ்கேன் சொன்னது, ஆனால் ஸ்கேன் இல்லாமலே செய்யக்கூடியது.

ஸ்கேன் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. பிள்ளையைப் பார்த்து, பழகி, பெற்றோரிடம் கேட்டுத்தான் சொல்கிறார்கள். வலிப்பு போன்ற வேறு சந்தேகம் இருந்தால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதுவார், அது வேறு விஷயம். ஆசிரியர் வாயிலிருந்து "மூளையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்று வந்தால் எங்கள் ஜனங்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வார்கள். சங்கிலியை அடகு வைத்து மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கிருந்து யாராவது ஸ்டெம்செல் (குருத்தணு) ஊசி போட்டால் கனெக்‌ஷன் சரியாகிவிடும் என்று அனுப்பி வைப்பார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022லேயே சொல்லிவிட்டது. அதை யாராவது உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டால் நல்லது.

இன்னொரு ஆலோசனையும் வரும், "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்று. தர்காவுக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டிலும் போயிருக்கிறோம், மனசுக்கு ஆறுதல். ஆனால் ஆட்டிசம் பேய்பிடித்ததும் இல்லை, மனநோயும் இல்லை, பிறவியிலேயே வருகிற மூளை வளர்ச்சியின் ஒரு விதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊர் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நம் மாவட்டம் மறக்க முடியாது. சங்கிலி போடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. பெற்றோரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புங்கள்.

சான்றிதழுக்காக அவர்கள் போடும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன. அதில் கவனம் நிலையாக இல்லாதது ஒரு கேள்வி, பதில் சொல்லத் தாமதமாவது அடுத்த கேள்வி. அதாவது எதை வைத்து இந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று அரசாங்கம் சான்று தருகிறதோ, அதையே குற்றமாக மதிப்பெண் அட்டையில் எழுதுகிறோம். ஒரு பள்ளியில் இந்தக் காரணத்தையே சொல்லி டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. நான் வழக்குப் போடுவதற்காக இதை எழுதவில்லை. சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

அந்த 'மாற்றம்' பெரிதாக ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை பொறுங்கள். அதற்குள் இன்னொரு தடவை, வேறு சொற்களில், கேட்காதீர்கள். கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும் அவனுக்கு. முதுகுக்குப் பின்னாலிருந்து பெயர் சொல்லாமல், அவன் பார்வை படும் இடத்துக்கு வந்து மேஜைமேல் கையை வையுங்கள். கண்ணைப் பார்த்தால்தான் கேட்கிறான் என்று அர்த்தம் இல்லை. என் மகன் முகத்தைப் பார்க்கும்போது சொல்வதைத் தவறவிடுகிறான், தரையைப் பார்க்கும்போது அத்தனையும் கேட்கிறான். அடுத்து என்ன பாடம் என்பதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டுமில்லை, மற்றவர்களுக்கும் உதவும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வதை 2013லிருந்து ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே மருத்துவர்கள் சேர்த்திருக்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் ஆட்டமுமாக வகுப்பு கலகலப்பாக இருப்பது நல்லதுதான், என் மகளுக்கு அதில் உயிர். மகனோ பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய்விடுவான். வராண்டாவில் நின்று கேட்க விட்டால் போதும், மூன்றாவது பாட்டுக்கு அவனாக வாசல் வரை வருகிறான். லண்டனில் ஆன்னா ரெமிங்டன் என்பவர் 2009இல் காட்டியது இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரே நேரத்தில் உள்வாங்கும் திறன் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. மற்றவர்களுக்கு வேலை கஷ்டமாகக் கஷ்டமாகச் சுற்றியுள்ளது மறைந்துபோகிறது, இவர்களுக்கு மறையவில்லை. ஃபேன் சத்தம், மைக் சத்தம், வெளியே மீன் ஏலம், எல்லாம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் டீச்சரின் குரல் அதில் ஒன்றாகிவிடும்.

சில பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி.யும் (கவனம் சிதறுவது, ஓயாத துறுதுறுப்பு) சேர்ந்தே இருக்கும். 2013க்கு முன் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் விதிப்படி இரண்டையும் ஒரே பிள்ளைக்கு எழுதக் கூடாது, இப்போது எழுதலாம். அதனால் "ஆட்டிசம் என்றால் ஒரே இடத்தில் உட்காருவானே, இவன் ஓடுகிறானே" என்று சந்தேகப்பட வேண்டாம். இரண்டும் இருக்கலாம்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் தெரியாமல் இல்லை. ஒரு டீச்சர், மூன்று வகுப்பு, இடையில் மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டும், வாரத்தில் ஒரு நாள் எட்டிப்பார்த்தாலே பெரிது. உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று நீலக் கலரில் பேனர் கட்டுவதற்குப் பதில் அந்தச் சிறப்பாசிரியர் வரும் நாளை ஒன்று கூட்டித்தரச் சொல்லி நீங்களும் எழுதுங்கள், நாங்களும் எழுதுகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் அம்மாக்கள்தான் வருகிறோம். வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சொன்னால் "அடிச்சா சரியாயிரும்" என்பதில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்களைச் சாயங்காலம் பிடிக்கலாம். ஜூனில் பள்ளி திறந்ததும், 14ஆம் தேதிக்குள், இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு என்று ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். சிறப்பாசிரியரையும் அன்றைக்கே வரச்சொல்லுங்கள். எங்கள் அம்மா பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். மைக் மட்டும் வைக்க வேண்டாம், என் மகனும் கூட வருவான்.

இப்படிக்கு,
தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து,
ஐந்தாம் வகுப்பு மாணவனின் அம்மா